சாம்பிள்: பாறையிலும் பாட்டிலும்

ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் 'சாம்பிள் எடுத்தாச்சு' என்றால், பழைய இசைத்தட்டிலிருந்தோ ஏதாவது வாத்தியத்திலிருந்தோ சில நொடிகளை வெட்டி வைத்துக்கொண்டார்கள் என்று பொருள். அதையே ஒரு தங்கச் சுரங்கத்தில் சொன்னால், பாறையை உடைத்துப் பையில் போட்டு, எண் எழுதிய சீட்டைக் கட்டி, சோதனைக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பொருள். பாடப்புத்தகம் 'மாதிரி' என்று எழுதும். வேலை செய்கிறவர்கள் வாயில் இரண்டு இடத்திலும் வருவது சாம்பிள்தான்.

பெரியதிலிருந்து சிறியதை எடுப்பது என்ற மட்டில் இரண்டும் ஒன்று. ஆனால் எதை எடுக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், இரண்டு தொழிலும் எதிரெதிர்த் திசையைக் காட்டும். இசைக்காரர் இருப்பதிலேயே அருமையான துணுக்கைத் தேடிப் பொறுக்குகிறார். அதற்குத்தான் அவருக்குப் பெயர், புகழ், காசு எல்லாம். சுரங்கத்தில் அப்படிப் பொறுக்கினால் அதற்குப் பெயர் மோசடி. இதற்கு நடுவே மூன்றாவது ஒரு சாம்பிளும் இருக்கிறது: ஒலியை எண்களாக மாற்றும் சாம்பிள். இசைக்கருவிகளுக்குள் இருந்துகொண்டே அது சுரங்கத்தின் பக்கம் சாய்கிறது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் பாறை. 1 டன் பாறையில் 5 கிராம் தங்கம் இருந்தால் அதை நல்ல தாது என்பார்கள். அந்த 5 கிராமும் ஒரே இடத்தில் இருந்துவிட்டால் பிரச்சினையே இல்லை. பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக, குவார்ட்ஸ் பாறைக்குள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். சோதனைக்கூடம் உலையில் உருக்கிப் பார்ப்பது சுமார் 30 கிராம் தூளை மட்டும். டன்னுக்கு 5 கிராம் என்றால் அந்த 30 கிராமில் இருக்க வேண்டிய தங்கம் 0.15 மில்லிகிராம். கால் மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரே ஒரு தங்கத் துகளின் எடையே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தங்கம் முழுக்க அந்த அளவுத் துகள்களாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே பாறைத் தூளிலிருந்து 100 முறை 30 கிராம் எடுத்தால், ஏறக்குறைய 37 முறை ஒரு துகள்கூட வராது. இன்னொரு 37 முறை ஒரு துகள் வரும். மிச்சம் 26 முறை இரண்டோ அதற்கு மேலோ வரும். அதாவது அதே பாறைக்கு ஒரு அறிக்கை 'தங்கமே இல்லை' என்று சொல்லும், அடுத்தது 'டன்னுக்கு 5 கிராம்' என்று சொல்லும், அதற்கடுத்தது 'டன்னுக்கு 10 கிராம்' என்று சொல்லும். யாரும் பொய் சொல்லவில்லை, தராசிலும் கோளாறு இல்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்வது, பானை முழுவதும் ஒரே கொதியில் வெந்திருக்கும் என்ற நம்பிக்கையில். பாறையை யாரும் அப்படிக் கிண்டி வைத்திருப்பதில்லை.

இந்தத் தலைவலியை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் பியர் ஜி என்ற பிரெஞ்சுக்காரர். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரெஞ்சு காங்கோவில் ஒரு ஈயச் சுரங்கத்தில் வேலைக்குப் போனவர், 1950-களிலிருந்து சாம்பிள் எடுப்பதற்கென்றே ஒரு கோட்பாட்டை உருவாக்கினார். அதன் அடிப்படை விதி கேட்பதற்கு எளிது: குவியலில் உள்ள ஒவ்வொரு துகளுக்கும் பைக்குள் வந்து சேரச் சமமான வாய்ப்பு இருக்க வேண்டும். கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். கல் பெரிதாக இருந்தால் பிழை பல மடங்கு ஏறும் என்று கணக்கில் காட்டினார். அதனால்தான் பாறையை முதலில் பொடித்துவிட்டுப் பிறகுதான் பங்கு பிரிக்கிறார்கள். பெரிய கல்லாக இருக்கும்போதே பிரித்துவிட்டால் பிறகு எவ்வளவு நுணுக்கமாகச் சோதித்தாலும் போன உண்மை திரும்பி வராது.

சுரங்கத்துக்குள் இது இன்னும் சிக்கலாகும். தாது ஓடும் சுவரில் குறுக்காக, ஒரே அகலம் ஒரே ஆழம் இருக்கும்படி ஒரு கால்வாய்போல் செதுக்கி, உதிர்வதையெல்லாம் சேர்க்க வேண்டும். சுத்தியலைப் பிடித்த கைக்கு இரண்டு பலவீனம் உண்டு. மென்மையான இடத்தில் கூடுதலாகப் பெயர்த்துவிடும். பளபளக்கும் இடத்துக்குத் தானாகவே போகும். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் உழைத்த கோலார் தங்கவயலில், 2001-ல் மூடும்வரை, ரீஃப் என்று அவர்கள் சொன்ன குவார்ட்ஸ் நரம்பு முழுக்கத் தங்கம் சீராக இருந்ததில்லை. ஓரிடத்தில் செறிந்திருக்கும், அடுத்து வெறும் கல்லாகப் போகும். எங்கே செதுக்கினோம் என்பதைப் பொறுத்துச் சுரங்கமே பணக்காரச் சுரங்கமாகவோ ஏழைச் சுரங்கமாகவோ மாறிவிடும்.

அதனால் ஜியாலஜிஸ்ட்கள் இரண்டு சொல்லைக் கவனமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அழகாக இருக்கிறது, தங்கம் கண்ணுக்கே தெரிகிறது என்று பொறுக்கி எடுத்து மேசைமேல் வைத்துக்கொள்வது ஸ்பெசிமன். கண்ணை மூடிக்கொண்டு விதிப்படி எடுப்பது சாம்பிள். முதலாவதைக் காட்டி இரண்டாவது என்று பங்கு விற்றவர்கள் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறார்கள்.

இன்னும் நிலத்துக்கு அடியிலேயே இருக்கும் தாதுவை அளக்க டிரில் போடுவார்கள். வெளியே வருவது கோர் எனப்படும் பாறை உருளை. பரவலாகப் புழங்கும் ஒரு அளவில் அதன் குறுக்களவு 47.6 மில்லிமீட்டர். 50 மீட்டருக்கு ஒன்று வீதம் கட்டம் கட்டமாகத் துளை போட்டால், பாறையில் 14 லட்சத்தில் ஒரு பங்குதான் கைக்கு வருகிறது. மிச்சத்தை ஊகித்துத்தான் நிரப்ப வேண்டும். இந்த ஊகத்துக்குக் கணித அடித்தளம் போட்டவர் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் வேலை பார்த்த டேனி கிரீக், 1951-ல். பின்னாளில் பிரான்சில் ஜார்ஜ் மாத்தெரோன் அதை முழுக் கோட்பாடாக வளர்த்து, கிரீக்கின் பெயரையே வைத்து 'கிரிகிங்' என்றார். அந்தக் கணிதத்தில் 'நக்கெட் எஃபெக்ட்' என்று ஒன்று வரும். ஒட்டி ஒட்டி எடுத்த இரண்டு சாம்பிள்கள்கூட ஒத்துப்போகாமல் அடம்பிடிக்கும் அளவுக்கு அந்தப் பெயர்.

இந்த நக்கெட் எஃபெக்டைத்தான் 1990-களில் பிரி-எக்ஸ் என்ற கனடா கம்பெனி கேடயமாகப் பிடித்துக்கொண்டது. கால்கரியில் அலுவலகம், இந்தோனேசியப் போர்னியோவின் காட்டுக்குள் பூசாங் என்ற இடத்தில் டிரில். 1997 தொடக்கத்தில் அங்கே 7.1 கோடி அவுன்ஸ், அதாவது சுமார் 2,200 டன் தங்கம் இருப்பதாகச் சொன்னார்கள். பங்குச் சந்தையில் கம்பெனியின் மதிப்பு 600 கோடி கனடிய டாலரைத் தாண்டியது.

வழக்கமாகக் கோர் உருளையை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்பி, மறுபாதியைப் பெட்டியில் வைத்திருப்பார்கள். நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டால் அந்தப் பாதிதான் சாட்சி. பூசாங்கில் ஏறக்குறைய முழு உருளையையும் நொறுக்கினார்கள். தங்கம் சீராக இல்லை, பாதியை மட்டும் சோதித்தால் தப்பாகிவிடும் என்று காரணம் சொன்னார்கள். காரணம் அறிவியல்படி நியாயமாகவே இருந்தது. அங்கேதான் அதன் கெட்டிக்காரத்தனம். நொறுக்கிய பையில் வெளியிலிருந்து தங்கத் துகள்களைத் தூவினார்கள். சுரங்கத் தொழிலில் இதற்குப் பழைய பெயரே உண்டு: சால்ட்டிங், உப்புப் போடுவது.

1997 மார்ச்சில், கூட்டுச் சேர வந்த ஃப்ரீபோர்ட் கம்பெனி பழைய துளைகளை ஒட்டியே புதிதாகத் துளை போட்டுப் பார்த்தது. சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைக்கவில்லை. மார்ச் 19 அன்று பிரி-எக்ஸின் களப் பொறுப்பாளர் மைக்கேல் டி குஸ்மான் ஹெலிகாப்டரிலிருந்து விழுந்து இறந்தார். மே மாதம் ஸ்ட்ராத்கோனா என்ற ஆலோசனை நிறுவனம் சாம்பிள்களில் கைவைத்திருக்கிறார்கள் என்று உறுதி செய்தது. துகள்களின் வடிவமே காட்டிக்கொடுத்தது. பாறைக்குள் பிறந்த தங்கம் முனையும் மூலையுமாக இருக்கும். இவை ஆற்றில் உருண்டு வந்த தங்கம்போல் மழுங்கியிருந்தன. தலைமை ஜியாலஜிஸ்ட் ஜான் ஃபெல்டர்ஹோஃப் மீது நடந்த வழக்கு 2007-ல் விடுதலையில் முடிந்தது. சிறைக்கு யாரும் போகவில்லை. 2001-ல் கனடா கொண்டுவந்த 43-101 என்ற விதிமுறை மட்டும் நிலைத்தது: சாம்பிளை யார் எடுத்தார், எப்படிப் பாதுகாத்தார், எங்கே சோதித்தார் என்பதையெல்லாம் தகுதியுள்ள ஒருவர் பொறுப்பேற்று எழுதித் தர வேண்டும்.

சரி, ஒலிக்கு வருவோம். 1982-ல் விற்பனைக்கு வந்த சிடி, ஒலியை நொடிக்கு 44,100 முறை தொட்டுப் பார்த்து ஒவ்வொரு முறையும் ஒரு எண்ணைக் குறித்துக்கொள்கிறது. அந்த ஒவ்வொரு தொடுதலும் ஒரு சாம்பிள். 44,100 என்ற விசித்திரமான எண் காதை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்ததல்ல. அன்றைக்கு இவ்வளவு எண்களைச் சேமிக்க வீடியோ டேப்தான் வழி. அமெரிக்க, ஜப்பானிய வீடியோ முறையில் ஒரு கோட்டுக்கு 3 சாம்பிள், 245 கோடு, நொடிக்கு 60 முறை. பெருக்கிப் பாருங்கள்.

இங்கே பொறுக்கல் கிடையாது. நல்ல நொடி, கெட்ட நொடி பார்ப்பதில்லை. மௌனத்தையும் அதே வேகத்தில் அளக்கிறது. 50 மீட்டருக்கு ஒரு துளை போடும் டிரில்காரரின் வேலைதான் இது. பிரச்சினையும் அதேதான்: இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நடந்தது நமக்குத் தெரியுமா? 1928-ல் ஹாரி நைக்விஸ்ட் தொடங்கி 1949-ல் கிளாட் ஷானன் தெளிவாக எழுதிய விதி சொல்கிறது: ஒலியில் உள்ள மிக வேகமான அதிர்வைப்போல் இரு மடங்குக்கு மேல் அடிக்கடி அளந்தால், நடுவில் நடந்ததை ஒன்று விடாமல் மீட்கலாம். குறைவாக அளந்தால் ஒலி தொலைவதோடு நிற்காது, வேறொன்றாக வேஷம் போட்டு வரும். 30,000 ஹெர்ட்ஸ் ஒலியை, அதாவது நொடிக்கு 30,000 முறை அதிரும் ஒலியை, 44,100 வேகத்தில் அளந்தால் 14,100 ஹெர்ட்ஸ் என்று பதிவாகும். காதுக்குக் கேட்காத ஒலி கேட்கிற ஒலியாக உள்ளே வந்துவிடும். இதை ஏலியாசிங் என்கிறார்கள். தடுக்க ஒலிப் பொறியாளருக்கு வழி உண்டு. அளப்பதற்கு முன்பே ஃபில்டர் வைத்து உச்ச அதிர்வுகளை வெட்டிவிடுவார். சுரங்கக்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 50 மீட்டர் இடைவெளிக்கு நடுவே 20 மீட்டர் அகலத்தில் ஒரு தங்கச் செறிவு கிடந்தால், அதைத் தட்டையாக்கிவிட்டு அளக்க எந்த ஃபில்டரும் கிடையாது.

இந்த எண்-சாம்பிள் எப்படி 'பாட்டிலிருந்து வெட்டிய துணுக்கு' ஆனது? சிட்னியில் பீட்டர் வோகல், கிம் ரைரி என்ற இருவர் 1979-ல் ஃபேர்லைட் சிஎம்ஐ என்ற கருவியைக் கொண்டுவந்தார்கள். கம்ப்யூட்டரால் வாத்திய ஒலியைக் கணக்குப் போட்டு உருவாக்கவே முதலில் முயன்றார்கள்; ஒலி உயிரில்லாமல் இருந்தது. வோகல் ரேடியோவில் போய்க்கொண்டிருந்த பியானோ இசையிலிருந்து ஒரு நொடி அளவைக் கருவிக்குள் இழுத்து, அதையே ஏற்றி இறக்கி வாசித்துப் பார்த்தார். கணக்குப் போட்டதைவிட நன்றாகப் பியானோவாகவே கேட்டது. இந்த வசதிக்கு அவர்கள் வைத்த பெயர் சாம்பிளிங். அன்றிலிருந்து ஆயிரக்கணக்கான எண்கள் சேர்ந்த மொத்தத்துக்கும் சாம்பிள் என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் ஸ்டுடியோ மென்பொருளில் ஒரே திரையில் இரண்டு பொருளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். 'இந்த சாம்பிளை நூறு சாம்பிள் முன்னே தள்ளு' என்று சொன்னால் அங்கே உட்கார்ந்திருக்கும் யாரும் குழம்புவதில்லை.

பெயர் மாறியதோடு வேலையும் தலைகீழானது. எல்லாவற்றையும் சமமாக அளக்கக் கண்டுபிடித்த கருவி, இருப்பதிலேயே சிறந்ததைப் பொறுக்கும் கருவியாகியது. நியூயார்க்கின் ஹிப் ஹாப்காரர்கள் பழைய ரெக்கார்டுக் கடைகளின் பெட்டிகளைக் குடைந்து தேடுவதை 'டிக்கிங்' என்றே சொன்னார்கள், தோண்டுவது. சுரங்கக்காரர் அகராதிப்படி இவர்கள் எடுத்தது சாம்பிளே கிடையாது, ஸ்பெசிமன். 

அதற்குச் சிறந்த சாட்சி 1969-ல் வின்ஸ்டன்ஸ் குழு வெளியிட்ட ரெக்கார்டின் பின்பக்கத்தில் இருந்த 'ஏமென், பிரதர்' என்ற வாத்திய இசை. அதில் கிரெகரி கோல்மன் தனியாக டிரம்ஸ் வாசிக்கும் சுமார் 7 நொடி வருகிறது, வெறும் நான்கு பார், அதாவது நான்கு தாளச் சுற்று. மற்ற பகுதியை இன்று தேடிக் கேட்பவர்கள் குறைவு. அந்த 7 நொடியோ ஹிப் ஹாப்பிலும், 1990-களில் பிரிட்டனில் எழுந்த ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் இசையிலும் ஆயிரக்கணக்கான பாடல்களுக்கு முதுகெலும்பு. பாறையை இப்படி அளந்தால் சுரங்கம் முழுவதும் தங்கம் என்று அறிக்கை வந்திருக்கும். கோல்மன் 2006-ல் இறந்தார். அந்த நொடிகளுக்காக அவருக்கு ராயல்டி எதுவும் வரவில்லை. குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-ல் ரசிகர்கள் திரட்டிக் கொடுத்த 24,000 பவுண்டுதான் பெரிய தொகை.

பிழையைப் பற்றிய மனநிலைகூட இங்கே வேறு. 1987-ல் வந்த எஸ்பி-1200 என்ற சாம்பிளிங் கருவி நொடிக்கு 26,040 முறைதான் அளக்கும். மொத்தமாகவே 10 நொடி ஒலிதான் கொள்ளும். இடம் பற்றாததால் இசைக்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். நிமிடத்துக்கு 33 சுற்றில் ஓட வேண்டிய ரெக்கார்டை 45-ல் வேகமாக ஓட்டிப் பதிவு செய்து, கருவிக்குள் மறுபடி மெதுவாக்கினார்கள். அப்படி இழுக்கும்போது ஏலியாசிங் எகிறும், ஒலி கரகரக்கும். பாடப்புத்தகப்படி அது பிழை. கேட்டவர்களுக்கோ அதுதான் பிடித்தது. இன்று எவ்வளவு துல்லியமாக வேண்டுமானாலும் பதிவு செய்யலாம் என்ற நிலையில், அந்தக் கரகரப்பைப் போலி செய்து தரும் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். சாம்பிள் பிழையை விலைக்கு வாங்கும் ஒரு சுரங்கக் கம்பெனியைக் கற்பனை செய்ய முடியவில்லை.

தமிழ்ப் பாட்டும் இப்படித் தோண்டப்பட்டிருக்கிறது. 1991-ல் வந்த தளபதி படத்தில் இளையராஜா இசையமைத்த 'காட்டுக்குயிலு' பாட்டின் தாளத்தை, ஈழத் தமிழ்க் குடும்பத்தில் லண்டனில் பிறந்த பாடகி எம்.ஐ.ஏ., 2007-ல் தன் 'பாம்பூ பாங்கா' பாட்டுக்கு எடுத்துக்கொண்டார். நம் காதுக்கு அந்த மேளம் ஒரு முழுப் பாட்டின், ஒரு முழுப் படத்தின் நினைவைக் கூட்டிக்கொண்டு வரும். அதைக் கேட்ட வெளிநாட்டு ரசிகருக்கு அது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. பாறைத் துண்டு எந்தச் சுவரிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் அது குப்பைக்குத்தான் போகும். இசையில் முகவரி தெரியாமலேயே துணுக்கு வேலை செய்கிறது. ஆனால் சட்டம் முகவரி கேட்கும்.

1991-ல் நியூயார்க் நீதிமன்றம் ஒரு ராப் பாடகரின் வழக்கில், அனுமதியில்லாமல் சாம்பிள் எடுத்தது திருட்டு என்ற தொனியில் தீர்ப்பு எழுதியது. அதோடு, நூறு துணுக்கை ஒட்டி ஒரு ஆல்பம் செய்யும் காலம் அமெரிக்காவில் ஏறக்குறைய முடிந்தது. 2005-ல் இன்னொரு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு நொடி கிட்டார் ஒலிக்கும் உரிமம் வேண்டும் என்றது. சுரங்கத்தில் 'கட்-ஆஃப்' என்று ஒரு அளவு வைத்திருப்பார்கள். அதற்குக் கீழே தங்கம் இருந்தால் அது தாது இல்லை, கழிவுக்கல். ஒலிப்பதிவுக்கு அப்படியொரு கீழ் எல்லையே கிடையாது என்பது அந்தத் தீர்ப்பு. 2016-ல் மற்றொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை; அற்பமான அளவு என்று ஒன்று உண்டு என்றது. ஐரோப்பாவில் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு, 1977-ல் தாங்கள் பதிவு செய்த இரண்டு நொடித் தாளத்துக்காக இருபது ஆண்டுக்கு மேல் வழக்காடியது. அந்தப் பாட்டின் பெயர் 'மெட்டால் அவுஃப் மெட்டால்', உலோகத்தின் மேல் உலோகம். 2019-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: எவ்வளவு சிறிய துணுக்கானாலும் பதிவு செய்தவரின் அனுமதி வேண்டும்; காதுக்கு அடையாளம் தெரியாதபடி மாற்றிவிட்டால் தேவையில்லை. எனக்கென்னவோ இந்த விதி தமாஷாகத்தான் படுகிறது. பூசாங்கில் தங்கத்தின் அடையாளம் தெரிந்ததால் மாட்டினார்கள். இங்கே அடையாளத்தை அழித்தால் சட்டப்படி தப்பிக்கலாம்.

உரிமம் கேட்கப் போனால் இரண்டு வாசலைத் தட்ட வேண்டும். பாட்டை எழுதியவருக்கு ஒன்று, பதிவு செய்த கம்பெனிக்கு ஒன்று. இரண்டாவது வாசலைத் தவிர்க்க, துணுக்கை வெட்டாமல் அதே மெட்டை வேறு வாத்தியக்காரர்களை வைத்துப் புதிதாக வாசித்துப் பதிவு செய்துகொள்வதும் உண்டு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் இன்டர்போலேஷன். இரண்டு டிரில் துளைகளுக்கு நடுவே என்ன இருக்கும் என்று கிரீக்கின் கணிதத்தால் நிரப்புவதற்கும் அதே பெயர்தான். அங்கே கிடைக்காத சாம்பிளை ஊகிக்கிறார்கள். இங்கே கையிலேயே இருக்கும் சாம்பிளுக்குக் காசு கட்டாமல் தப்பிக்கிறார்கள்.